இன்று ஸ்லெட்டை எடுக்கலாமா? பனிக்குப் புதிதான பெற்றோருக்கு

பனி கொட்டி முடிந்த மறுநாள் காலையில் குழந்தைகள் எழுந்ததும் ஜன்னலுக்குத்தான் ஓடுவார்கள். அடுத்த நிமிடம், பனிச்சரிவில் உட்கார்ந்து சறுக்கி இறங்கும் சக்கரமில்லாத வண்டியான ஸ்லெட்டைக் காட்டி, கேள்வி நம்மிடம் வரும்: "இன்னைக்குச் சறுக்கப் போகலாமா?" குளிர்நாட்டிலேயே வளர்ந்தவர்கள் வெளியே ஒரு பார்வை பார்த்து, பூட்ஸ் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பதில் சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் மைனஸ் என்று எதைக் கண்டாலும் பயந்து குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். அல்லது, வெயில் அடிக்கிறதே என்று நம்பி, போகவே கூடாத நாளில் கூட்டிக்கொண்டு போகிறோம்.

நான் செய்தது இரண்டாவது தவறு. எங்கள் முதல் குளிர்காலம் அது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு வாரம் முழுக்க ஒரு சின்னச் சரிவில் மகள் நன்றாக விளையாடினாள். பிறகு இரண்டு நாள் குளிர் தணிந்து பனி உருகியது. மூன்றாம் நாள் காலை நீலவானம், பளிச்சென்று வெயில், மைனஸ் 2 டிகிரிதான். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கிளம்பினோம். அதே சரிவு, அதே ஸ்லெட். ஆனால் எப்போதும் நிற்கும் இடத்தில் அன்று ஸ்லெட் நிற்கவில்லை. சமதரையையும் தாண்டிப் போய் வேலியில் மோதித்தான் நின்றது. கால் சுளுக்கோடு போனது, தலையில் அடிபடவில்லை. அந்த சில விநாடிகள் இன்னும் என் நெஞ்சில் இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வரிசையாகச் சில விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அந்த வரிசைதான் கீழே.

முதல் படி: கடந்த இரண்டு நாளைப் பாருங்கள்

வானிலை ஆப்பில் இன்றைய எண் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடந்த 48 மணி நேரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டி மேலே போய், திரும்பக் கீழே இறங்கியதா? நடுவில் மழை பெய்ததா? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். பனி ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் விடிகாலைத் துளியும் அடங்கும், மூடுபனியும் அடங்கும், வானத்திலிருந்து விழும் வெண்பனியும் அடங்கும். சரிவில் நிற்கும்போது இந்த ஒரு சொல் போதாது. என் வசதிக்கு நான் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

புதுப் பனி மாவு போல இருக்கும், கால் புதையும். ஸ்லெட் மெதுவாகத்தான் போகும், விழுந்தாலும் வலிக்காது. சின்னக் குழந்தைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆழமாக இருந்தால் நீங்கள் இரண்டு மூன்று முறை மிதித்து ஒரு தடம் போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இறுகிய பனி, பலர் மிதித்துச் சறுக்கி அமுங்கியது. குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் பூட்ஸுக்கடியில் கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். பனி உலர்ந்து, தானே பிடிமானத்தோடு இருக்கிறது என்று அர்த்தம். போகலாம்.

ஈரப் பனி பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போது வரும். உருட்டினால் உருண்டையாகும். ஆபத்து குறைவு, ஆனால் உடையெல்லாம் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். மாற்று உடையோடு கொஞ்ச நேரம் போய் வரலாம்.

ஓடு கட்டிய பனிதான் என் மகளை வேலிவரை கொண்டுபோனது. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகி, இரவில் உறைந்து, மேலே ஒரு கெட்டி ஓடு உண்டாகிவிடும். தெளிந்த வானமுள்ள இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. அதனால் ஆப்பில் 1 அல்லது 2 டிகிரி பிளஸ் என்று இருந்த இரவிலும் ஓடு கட்டும். பார்ப்பதற்கு லேசாக மினுக்கும். வேண்டாம்.

கடைசி, கண்ணாடி ஐஸ். ஃப்ரீசிங் ரெயின் என்கிறார்களே, அந்த மழை பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த துளிகளாக விழுந்து, எதைத் தொடுகிறதோ அதிலேயே ஒட்டி உறைந்துவிடும். மரக்கிளை, படிக்கட்டு, சரிவு எல்லாம் கண்ணாடி பூசியது போல இருக்கும். அன்று ஸ்லெட் மட்டுமில்லை, வாசலைத் தாண்டுவதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐஸ் ஓட்டின் மேல் 2, 3 செ.மீ. புதுப் பனி தூவியிருந்தால் கண் ஏமாந்துவிடும். மேலே வெள்ளையாக, மென்மையாகத் தெரியும். நாலு பேர் சறுக்கியதும் அந்தத் தூவல் கலைந்து அடியிலிருக்கும் ஐஸ் வெளியே வந்துவிடும். அதனால்தான் இன்று என்ன பெய்தது என்பதோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் கேட்கச் சொல்கிறேன்.

கடுங்குளிரென்றால் அதிகம் வழுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஐஸ் மிக அதிகமாக வழுக்குவது பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே இருக்கும்போதுதான். மைனஸ் 20 டிகிரிக்குப் பக்கத்தில் உலர்ந்த பனி மணல் போல நரநரவென்று ஸ்லெட்டைப் பிடித்து இழுக்கும். நமக்கு இதமாகத் தோன்றும் மைனஸ் 2, மைனஸ் 5 நாட்களில்தான் தரையைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் படி: காற்றைச் சேர்த்துக் குளிரைப் பாருங்கள்

தரை சரி என்றால் அடுத்தது குளிர். ஆப்பில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே "உணரப்படும் குளிர்" என்று இன்னொரு எண் இருக்கும். விண்ட் சில் என்பது இதுதான். குழந்தைக்கு நீங்கள் பார்க்க வேண்டிய எண்ணும் இதுவே. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று வீசினால் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 12. மைனஸ் 10 டிகிரியில் 30 கி.மீ. காற்று என்றால் மைனஸ் 20.

இந்தக் கணக்கின் தொடக்கம் அண்டார்டிகாவில் இருக்கிறது. பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இருவர் அங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் கலத்தில் தண்ணீரை ஊற்றி, காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். 1945-இல் அது வெளியானது. இப்போது கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் சூத்திரம் 2001-இல் வந்தது. அது நடந்துபோகும் ஒரு பெரியவரின் முகத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஸ்லெட்டில் விரையும் குழந்தைக்கு எதிர்க்காற்று இன்னும் அதிகம். குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பும் அதிகம் என்பதால் சூடு நம்மைவிட வேகமாக இறங்கும். எனவே ஆப் சொல்வதைவிடக் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் எல்லை இது: வெப்பநிலை மைனஸ் 25-க்குக் கீழே போனாலோ, விண்ட் சில் மைனஸ் 28-ஐ எட்டினாலோ குழந்தைகளை வெளியே விளையாட விடக் கூடாது. மைனஸ் 28-க்கு அப்பால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய வாய்ப்பிருக்கிறது. அது கடைசிக் கோடு. குளிருக்குப் பழகாத குழந்தைக்கு அந்தக் கோடுவரை போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் விண்ட் சில் மைனஸ் 15-ஐத் தொட்டால் 20 நிமிடம்தான், மைனஸ் 20 என்றால் போவதில்லை. இது என் கணக்கு. உங்கள் பிள்ளையைப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஓர் எண்ணை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். சரிவில் நின்றபடி, "இன்னும் ஒரே ஒரு தடவைப்பா" என்று கெஞ்சும் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடிவெடுப்பது கஷ்டம்.

மூன்றாம் படி: போகும் வழி

சரிவு நன்றாக இருந்து சாலை ஐஸாக இருந்தால் பயணம் வேண்டாம். பாலங்கள் மற்ற சாலையைவிட முன்னதாக உறையும், ஏனென்றால் அவற்றுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுகிறது. காரில் போனால் குழந்தையின் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டே கார் சீட்டின் பெல்ட்டைப் போடுங்கள். பஞ்சு ஜாக்கெட் மேலே பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். மோதலில் பஞ்சு அமுங்க, பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட் போட்ட பிறகு ஜாக்கெட்டை மேலே போர்த்திவிடலாம்.

நான்காம் படி: சரிவைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் உச்சியைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் அடிவாரத்தைப் பாருங்கள். ஸ்லெட் போய் நிற்கும் இடம் எவ்வளவு நீளம், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது? மரம், கம்பம், வேலி, பெஞ்ச், பாறை, சாலை, கார் நிறுத்தம், குளம், இவற்றில் எது இருந்தாலும் வேறு சரிவு தேடுங்கள். குளத்தின் மேல் பனி மூடியிருந்தால் அது சமதரை போலவே தெரியும், ஆகவே தெரியாத இடத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 5 மீட்டர் உயரம், அதாவது ஒன்றரை மாடி உயரம்தான். உராய்வு அறவே இல்லையென்றால் அங்கிருந்து இறங்கும் எதுவும் அடிவாரத்தில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் இருக்கும். இறுகிய பனியின் உராய்வு அந்த வேகத்தைத் தின்றுவிடுகிறது, உச்சியிலிருந்து 50 மீட்டருக்குள் ஸ்லெட் நின்றுவிடும். ஐஸ் ஓட்டில் உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே ஸ்லெட் நிற்க 150 மீட்டர் வேண்டும். சரிவு மாறவில்லை, குழந்தை மாறவில்லை, தரை மட்டும்தான் மாறியது.

சாய்வு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். அளக்கக் கருவி தேவையில்லை: ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு சாதாரணமாக நடந்து ஏற முடியாமல் கையூன்ற வேண்டியிருந்தால் அது குழந்தைக்கான சரிவு கிடையாது. வெயில் படாத பக்கத்தில் ஐஸ் நாள்கணக்கில் தங்கும். வெயில் படும் பக்கம் பகலில் இளகி மாலையில் ஓடு கட்டும். மற்ற பிள்ளைகள் பனியைக் குவித்துச் செய்துவைத்த மேடு நடுவழியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்லெட் அதில் ஏறி எகிறி விழும்போது முதுகுத்தண்டில் அடிபடும்.

ஐந்தாம் படி: குதிகாலால் ஒரு உதை

இதற்குச் செலவில்லை, அரை நிமிட வேலை. சரிவின் பாதியில் நின்று குதிகாலால் தரையை ஓங்கி உதையுங்கள். குதிகால் உள்ளே இறங்கிக் குழி விழுந்தால் சரி. "டக்" என்று சத்தம் வந்து கால் எகிறினால் வீட்டுக்குத் திரும்பலாம். ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் மேலே, நடுவில், கீழே, முக்கியமாகப் பலர் சறுக்கிச் சறுக்கிப் பளபளத்துப்போன தடத்தில் பாருங்கள். பக்கத்தில் மென்மையாக இருந்து தடம் மட்டும் ஐஸாகியிருந்தால், ஆளில்லாத பக்கத்துக்கு நகர்ந்துவிடலாம்.

குதிகால் சம்மதித்த பிறகு, கீழே யாரும் இல்லாதபோது, முதல் சறுக்கலை நீங்களே சறுக்கிப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள்? உங்களுக்கு அப்பால் இன்னும் நிறைய வெற்றுத் தரை இருக்கிறதா? உங்கள் காலால் ஸ்லெட்டை நிறுத்த முடிந்ததா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அப்புறம் குழந்தையை உட்கார வைக்கலாம். கூட்டமாக மற்றவர்கள் சறுக்கிக்கொண்டிருப்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று நாங்கள் போனபோதும் கூட்டம் இருந்தது.

ஆறாம் படி: உடையும் ஹெல்மெட்டும்

உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணி, மேலே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட்டும் ஸ்னோ பேன்ட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உலராமல் உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும். விரல் பிரிந்த க்ளவுஸைவிட, நாலு விரலும் ஒரே பையில் இருக்கும் மிட்டன் சூடாக இருக்கும். இரண்டு சாக்ஸைத் திணித்து பூட்ஸை இறுக்கமாக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் சீக்கிரம் மரத்துவிடும், ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போதும். ஸ்கார்ஃபும் தொங்கும் கயிறும் ஸ்லெட்டில் மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும், அவற்றுக்குப் பதில் கழுத்தை மூடும் நெக் வார்மர் வாங்குங்கள். கூடுதலாக ஒரு ஜோடி மிட்டனும் சாக்ஸும் பையில் கட்டாயம்.

ஹெல்மெட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஸ்கீ ஹெல்மெட் அல்லது ஹாக்கி ஹெல்மெட் நல்லது. இரண்டும் இல்லையென்றால் சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் வெறுந்தலையைவிட எவ்வளவோ மேல். தடித்த குல்லாய்க்கு மேல் மாட்டினால் ஹெல்மெட் ஆடும், மெல்லிய குல்லாய் போதும்.

ஸ்லெட்டில் திருப்பவோ நிறுத்தவோ வழி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டத் தட்டும் காற்றடைத்த ட்யூபும் சுழன்றுகொண்டே போகும், குழந்தை பின்பக்கமாகப் போய் எதில் மோதுகிறோம் என்பதைக்கூடப் பார்க்க முடியாது. புதுப் பனியில் அவை பரவாயில்லை. கடுங்குளிரில் மலிவான பிளாஸ்டிக் விரிசல் விடும், கிளம்பும் முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

ஏழாம் படி: எப்படி உட்கார வேண்டும், எப்படி விழ வேண்டும்

கால் முன்னே, முகம் முன்னே பார்த்து, உட்கார்ந்த நிலையில் மட்டும். குப்புறப் படுத்துத் தலை முன்னே போவது எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கூடாது. 5 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பெரியவரோடு, மென்மையான சரிவில். உங்கள் கால்களுக்கு நடுவே குழந்தையை உட்காரவைத்து அதன் கை கால் முழுக்க ஸ்லெட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையும் சேர்வதால் மோதினால் அடியும் பெரிது என்பதை மறக்க வேண்டாம். கைக்குழந்தையைச் சரிவில் இறக்கவே கூடாது.

முதல் சறுக்கலுக்கு முன்பே, சமதரையில் வைத்து, ஸ்லெட்டிலிருந்து பக்கவாட்டில் உருண்டு விழப் பழக்குங்கள். "உருளு!" என்று நீங்கள் கத்தினால் யோசிக்காமல் உருள வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்லெட்டை விட மனசு வராது, இறுகப் பிடித்துக்கொண்டே மரத்தை நோக்கிப் போவார்கள். பத்து முறை விளையாட்டாகச் செய்துவிட்டால் தேவைப்படும் நேரத்தில் உடம்பு தானே செய்யும். நின்றதும் உடனே தடத்தை விட்டு விலக வேண்டும், ஏறுவது எப்போதும் ஓரமாக. வண்டியில் கட்டி ஸ்லெட்டை இழுப்பதை யார் செய்தாலும் உங்கள் குழந்தையை அதில் ஏற்றாதீர்கள்.

எட்டாம் படி: அரை மணிக்கொரு முறை மறுபடி முடிவு

காலையில் எடுத்த முடிவு நாள் முழுக்கச் செல்லாது. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையை ஒதுங்கின இடத்துக்கு அழைத்து மிட்டனைக் கழற்றி விரலைத் தொட்டுப் பாருங்கள். "குளிருதா?" என்று கேட்டால் விளையாட்டு ஆசையில் எல்லாப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். மூக்கு நுனி, கன்னம், காது, விரல் வெளிறியோ மெழுகு போலவோ ஆகி மரத்திருந்தால் உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் கெடுதல். வெதுவெதுப்பான, 37 முதல் 39 டிகிரித் தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தள்ளாடித் தூங்கி வழிந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். அது அவசர உதவியை அழைக்க வேண்டிய நேரம். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, உங்கள் உடம்போடு அணைத்துக்கொண்டு காத்திருங்கள்.

பிற்பகல் வெயில் சாயத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பகலில் இளகிய மேற்பரப்பு அந்த நேரத்தில்தான் உறையத் தொடங்கும். காலையில் குழி விழுந்த இடத்தில் மறுபடி குதிகாலால் உதைத்துப் பாருங்கள், சத்தம் மாறியிருக்கும். வெளிச்சமும் குறையும், களைப்பும் சேரும். கடைசி ஒரு தடவை என்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும்.

அடிபட்டால்

தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து சிரித்தாலும் அன்றைக்கு ஸ்லெட் போதும். வாந்தி, அடங்காத தூக்கம், குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனை. வயிற்றில் மோதியிருந்தால் அதையும் லேசாக விடாதீர்கள். வெளியே காயமே இல்லாமல் உள்ளே மண்ணீரல் அடிபட்டிருக்கலாம். வயிற்றுவலி தொடர்ந்தால் காட்டிவிடுங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் தூக்காமல், அசைக்காமல், போர்த்திவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

வேண்டாம் என்று சொன்ன நாளில்

சரி, குதிகால் "டக்" என்றது, பிள்ளை அழுகிறது. ஸ்லெட்டை வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஐஸ் இல்லாத சமதரையில் உட்கார வைத்து நீங்கள் இழுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதுவே போதும். பெரிய பிள்ளைகளிடம் அந்தக் குதிகால் வேலையையே கொடுத்துவிடுங்கள். என் மகள் இப்போது சரிவுக்குப் போனதும் எனக்கு முன்னால் ஓடி மூன்று இடத்தில் உதைத்துவிட்டு வந்து சொல்கிறாள். ஒருமுறை "டக்குனு கேக்குதுப்பா, வேண்டாம்" என்று அவளே ஸ்லெட்டைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸின் உள்ளுறையை உருவித் தனியாகக் காயவைத்தோம், அப்போதுதான் மறுநாளுக்குள் ஈரம் போகும்.